நான்கு கால் சிறை

அத்தியாயம் 7

அந்த கேம்பர் முன்பக்கமாகக் கவிழ்ந்ததா, பின்பக்கமாகக் கவிழ்ந்ததா? அழகுமலை ஊருக்குப் போவதும் ஜெயிலுக்குப் போவதும் இந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்சூரன்ஸ் சர்வேயர் அருணா காரை விட்டு இறங்கியபோது ஷார்ஜா தொழில்பேட்டை வெந்துகொண்டிருந்தது. ஜூலை மாத நடுப்பகல். உச்சி வெயிலில் வெளிவேலை கூடாது என்று போன வருஷம் வந்த சட்டத்தால் அந்த வாடகை வண்டிக் கம்பெனியின் யார்டு காலியாகக் கிடந்தது. வேலையாட்கள் எல்லோரும் ரூமுக்குப் போய்விட்டிருந்தார்கள். அவளுக்கு டிரைவராகவும் போட்டோகிராபராகவும் பேச்சுத்துணையாகவும் இருக்கும் கீழக்கரை காதர் மைதீன், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார்டின் நடுவில் நின்ற அந்தப் பெட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"நாலு கால், தலை, வயிறு எல்லாம் இருக்கு மேடம். பெருநாளைக்குக் குர்பானி கொடுத்துரலாம் போல."

கேம்பர் என்பது பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற சின்ன வீடு. உள்ளே அடுப்பு உண்டு, அலமாரி உண்டு. டிரைவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குப் பகுதியில் படுக்கை உண்டு. பாலைவனத்தில் இரவு தங்கப் போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். திரும்பி வந்ததும், நான்கு மூலைகளிலும் இருக்கும் ஜாக்கிக் கால்களை நீட்டி வீட்டை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, அடியிலிருந்து பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

போன வாரம் அப்படி இறக்கும்போதுதான் விபத்து நடந்தது. எலெக்ட்ரீஷியன் கலீலுர் ரஹ்மான் அடியில் சிக்கினார். இடுப்பு நொறுங்கி, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜாக்கி பட்டனை அமுக்கியவன் சிவகங்கைப் பக்கத்து அழகுமலை. எல்லோரையும் அதட்டியே பேசும் மேனேஜர் ராஜீவ் எழுதிக் கொடுத்த அறிக்கை சுருக்கமாக இருந்தது. பிக்கப் வாசலில் நின்றது, கேம்பர் மட்டும்தான் கால்களில் நின்றது, அழகுமலை பின்கால்களை முதலில் இறக்கிவிட்டான், கேம்பர் பின்பக்கமாகச் சாய்ந்து ரஹ்மான் மேல் விழுந்தது. அழகுமலையும் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தான். லாக்கப்பில் அருணா போய்ப் பார்த்தபோது, தன்னால்தான் ஒரு மனுஷன் இப்படிக் கிடக்கிறான் என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் சொல்லவில்லை.

அவளுக்கு போன் செய்து, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கெஞ்சியவன் மணிகண்டன். அழகுமலையின் ரூம்மேட், அதே யார்டில் மெக்கானிக். மெலிந்த, பணிவான பையன். இப்போதும் இருவருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்து, ஏணியைச் சாத்தி, கேம்பரின் பின்கதவைத் திறந்துவிட்டது அவன்தான். மேனேஜர் எங்கே என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றான். பிக்கப் மட்டும் ஷெட்டின் நிழலில் நின்றது.

அருணா உடனே ஏறிவிடவில்லை. கேம்பரைச் சுற்றி வந்தாள். ஜாக்கி கம்பெனியின் கையேட்டை முந்தின நாள்தான் முழுக்கப் படித்திருந்தாள். காலுக்கு அடியில் அகலமான பலகை வைக்க வேண்டும் என்றது கையேடு. இங்கே வெறும் மண். அதிக நாள் நிறுத்துவதானால் முடிந்த மட்டும் தாழ இறக்கி, அடித்தளத்துக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும் என்றது. இங்கே ரஹ்மானை வெளியே எடுக்க ஃபோர்க்லிஃப்டில் தூக்கி, போலீஸ் வருவதற்கு முன்பே அதே கால்களில் ஆள் உயரத்துக்கு நிறுத்திவிட்டு எல்லோரும் கை கழுவியிருந்தார்கள். முன்பக்கம் எப்போதும் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும் என்றது. இங்கே மூக்கு தாழ்ந்திருந்தது. முன்னால் இடப்பக்கக் கால் நடுவில் லேசாக வளைந்திருந்தது.

கால்களில் உயரமாக நிற்கும்போது யாரும் உள்ளே போகக் கூடாது என்பதும் அதே கையேட்டில் இருந்தது.

"இதுல நாங்க படுத்தே தூங்குவோம் மேடம். ஒண்ணும் ஆகாது," என்றான் மணிகண்டன்.

அழகுமலையின் முகம் அவள் கண்ணுக்குள் நின்றது. கைப்பையும் போன்களும் காதர் பூட்டிய காரிலேயே இருக்க, ஐந்து நிமிஷம்தானே என்று ஏறினாள். காதரும் பின்னாலேயே ஏறினார். அவர் கனமான மனிதர். தரை ஒரு முறை முனகியது.

உள்ளே ஊசிப்போன மசாலா வாசனை. ஜன்னல்கள் தபால்பெட்டியின் வாய் அளவுக்குத்தான் இருந்தன. அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. அதிலிருந்து விழுந்த டப்பாக்கள் தரையில் சிதறியிருந்தன. அருணா டப்பாக்களைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். முன்சுவரில், படுக்கைக்குக் கீழே, யாரோ வீசி அடித்ததுபோல் மஞ்சள் தூள் அப்பியிருந்தது. பின்சுவரும் கதவும் சுத்தமாக இருந்தன.

"பாய், கேம்பர் பின்னாடி சாஞ்சிருந்தா இந்த மஞ்சள் எங்க போயிருக்கும்?"

காதர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "கதவு மஞ்சக் குளிச்ச மாதிரி இருந்திருக்கும்."

"முன்னாடி குப்புற விழுந்திருக்கு. அறிக்கை பொய்."

அவர் படம் எடுக்க ஆரம்பித்தார். அவள் முழங்காலிட்டு முன்சுவரின் அடியில் இருந்த சிறிய கதவைத் திறந்தாள். பிக்கப்பிலிருந்து கரண்ட் வாங்கும் ஒயர் அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஒயரைக் காணோம். சுவரில் விரல் நுழையும் ஓட்டை. உள்ளே செம்புக் கம்பிகள் பிய்ந்து, நரம்பு மாதிரி தொங்கின. ஓட்டையை வெளிப்பக்கமிருந்து யாரோ வெள்ளைப் பசையால் புதிதாக அடைத்திருந்தார்கள். உள்ளே பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

அருணா எழுந்து நின்றாள். அவள் குரல் தன்னையறியாமல் உயர்ந்துவிட்டது.

"பிக்கப் வாசல்ல நிக்கல பாய். இதுக்கு அடியிலதான் நின்னிருக்கு. ஒயரைக் கழற்றாம, ஒருவேளை கேம்பரை வண்டியோட கட்டின சங்கிலியையும் அவிழ்க்காம, யாரோ வண்டியை முன்னால எடுத்திருக்காங்க. வண்டி கேம்பரைச் சேர்த்து இழுத்திருக்கு, முன்னங்கால் மடங்கியிருக்கு. ஜாக்கியை அமுக்கினவன் மேல தப்பே இல்லை. இந்த ஒயரோட மறுபாதி பிக்கப்ல இருக்கும்."

"பிக்கப் ஓட்டுறது யாரு? லைசன்ஸ் உள்ள ஒரே ஆள் ராஜீவ்."

அவள் பதில் சொல்வதற்குள் பின்கதவு மெல்ல மூடியது. வெளியே தாழ்ப்பாள் நகர்ந்தது. பூட்டு அழுந்திய சத்தமும் கேட்டது. ஏணி தரையில் விழுந்தது. யாரோ ஓடினார்கள். பிக்கப் கிளம்பி வாசலைத் தாண்டிப் போயிற்று.

இடுக்கு ஜன்னலில் கண்ணை வைத்து அருணா மணிகண்டனைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. ராஜீவ் அவனை என்ன செய்தானோ என்று கண்ணுக்கு எட்டிய வரை யார்டைத் தேடினாள்.

கத்திப் பார்த்தார்கள். யார்டுச் சுவருக்கு அப்பால் ஏசி மெஷின்களின் இரைச்சல் மட்டும்தான். தகரப் பெட்டிக்குள் சூடு நொடிக்கு நொடி ஏறியது. மூச்சு இழுத்தால் மூக்குக்குள் எரிந்தது. காதரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் சட்டென்று கதவை ஓங்கி ஓர் உதை விட்டார்.

கேம்பர் அசைந்தது. முன்னால் எங்கோ இரும்பு கிறீச்சிட்டது. தரை அவர்கள் காலுக்குக் கீழே முன்புறமாகச் சரிந்து நின்றது. மூலையில் கிடந்த ஒரு காய்ந்த வெங்காயம் தானாக உருண்டு போய் முன்சுவரில் முட்டிக்கொண்டது.

"நகராதீங்க பாய்," என்றாள் அருணா, மிக மெதுவாக.

"நகர மாட்டேன் மேடம். இனி கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் நகர மாட்டேன்."

அவர் முகம் சிரிக்கவில்லை. வீட்டில் மகளைக் கோடை வகுப்பு பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொள்ள யாரும் இல்லை என்ற நினைவு அருணாவுக்கு வந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, இருக்கிற வழிகளைப் பார்த்தாள். கதவு பூட்டியிருக்கிறது, உடைத்தால் பெட்டி கவிழும். ஜன்னலில் பூனைதான் போகும். மூன்றாவது வழி கூரையில் இருந்தது. படுக்கைக்கு நேர் மேலே, காற்றுக்காக வைத்த சதுரத் திறப்பு. பிளாஸ்டிக் மூடி. ஆனால் அது மூக்குப் பகுதியில், நொண்டிக் காலுக்கும் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அதில் ஆள் ஏறினால் கேம்பர் மறுபடியும் குப்புற விழும். வெளியே போகும் வழியும் சாகும் வழியும் ஒரே இடத்தில் இருந்தன.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் ஜாக்கி ரிமோட் தொங்கியது. நான்கு கால்களுக்கும் நான்கு பட்டன்கள்.

"முன்னங்காலைத் தூக்கிரலாமே மேடம்? மூக்கு நிமிர்ந்துரும்."

"வளைஞ்ச குழாய். நீட்டினா ஒடிஞ்சிரும். அதைத் தொடவே கூடாது. முன்னாடியைத் தூக்க முடியலைன்னா பின்னாடியை இறக்கணும்."

அறிக்கையில் அழகுமலை செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்தைத்தான் இப்போது அவர்கள் செய்யப் போகிறார்கள் என்று காதர் சொன்னார். அருணாவுக்கு அந்த நிலையிலும் உதட்டோரம் அசைந்தது.

காதரை மெல்ல நகர்ந்து கதவோரமாக உட்காரச் சொன்னாள். முழுப் பாரமும் பின்னால் இருக்க வேண்டும். தான் வளர்த்த தொப்பை ஒருநாள் உயிரைக் காப்பாற்றும் என்று டாக்டர் சொல்லவே இல்லை என்று முணுமுணுத்தபடி அவர் உட்கார்ந்து, சுவரில் முதுகைக் கொடுத்தார்.

அவள் பின் வலக் காலின் பட்டனை அமுக்கினாள். மோட்டார் உறுமியது. உள்ளே இருந்த பாட்டரியில் உயிர் மிச்சமிருந்தது. ஒரு மூச்சு அளவுதான், விட்டுவிட்டாள். அடுத்து பின் இடக் கால். மறுபடி வலம். ஒரேயடியாக ஒரு பக்கத்தை இறக்கினால் மொத்தப் பாரமும் குறுக்கே போய் இன்னொரு கால் முறியும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு நிறுத்தி, முன்னால் இரும்பு கிறீச்சிடுகிறதா என்று காது கொடுத்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. மோட்டாரின் குரல் வரவர இழுத்துக்கொண்டே போனது. பாட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

"மேடம், வெங்காயம்," என்றார் காதர்.

முன்சுவரோடு ஒட்டிக் கிடந்த வெங்காயம் தயங்கித் தயங்கித் திரும்பியது. தரை நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு மனசு மாறியதுபோல் உருண்டு அவர் காலடிக்கு வந்து சேர்ந்தது.

அவள் இன்னும் இரண்டு முறை அமுக்கினாள். அதற்குள் மோட்டார் செத்துவிட்டது. போதுமா போதாதா என்று சொல்ல யாருமில்லை. காதரின் கேமராவை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, படுக்கையின் விளிம்பில் ஒரு முழங்காலை வைத்தாள். பாதிப் பாரத்தைக் கொடுத்துப் பார்த்தாள். இரும்பு முனகியது, ஆனால் தாங்கியது. பல்லி மாதிரி வயிற்றை ஒட்டி ஊர்ந்தாள். பின்னால் காதர் சத்தமில்லாமல் ஓதுவது கேட்டது.

வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் மூடி கேமராவின் இரண்டாவது அடியில் தூள்தூளாகியது. அருணா தோளை நுழைத்து, சல்வார் கிழிய, கூரை மேல் வந்து விழுந்தாள். தகரம் உள்ளங்கையைச் சுட்டது. அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும்போலிருந்த உடம்பை, மூக்கிலிருந்து பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்புறம் ஒட்டியிருந்த கம்பி ஏணியில் இறங்கினாள்.

இறங்கியதும் கதவிடம் போகவில்லை. ஷெட்டின் ஓரத்தில் கிடந்த மரக்கட்டைகளை இழுத்து வந்து, கேம்பரின் அடியில் தலையைக் கொடுக்காமல், காலால் தள்ளித் தள்ளி அடித்தளத்துக்குக் கீழே அடுக்கினாள். உள்ளேயிருந்து காதர், தான் இன்னும் இங்கேதான் இருப்பதை மேடம் மறந்துவிடவில்லையே என்று விசாரித்தார். அப்படியே அசையாமல் உட்காரும்படி சொல்லி, ஏறும்போது ஏணியடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை ஜன்னல் இடுக்கு வழியாக அவரிடம் கொடுத்தாள். அதன் பிறகுதான் ஓர் இரும்புக் குழாயை எடுத்துப் பூட்டுக்குள் கொடுத்து நெம்ப ஆரம்பித்தாள்.

வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள் ராஜீவ். ஆஸ்பத்திரிக் கவர் கையில் இருந்தது. அருணா குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் ஷெட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எனக்க பிக்கப்பை யாரு கொண்டுபோனா?"

ரஹ்மானுக்கு ரத்தம் கொடுக்க ஆள்களைச் சேர்த்து, காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்ததாகவும், ஒரு மணி நேரம் முன்புதான் அவர் கண் திறந்ததாகவும் அந்த நாகர்கோவில்காரர் சொன்னார். சாவி மணிகண்டனிடம் இருக்கிறது. வாசலில் நிற்கும் வண்டியை நிழலுக்கு நகர்த்துவது, யார்டுக்குள்ளே முன்னே பின்னே எடுப்பது எல்லாம் அவன்தான். லைசன்ஸ் இல்லாதவனை ஓட்ட விட்டதைப் போலீஸிடம் சொல்லப் பயந்துதான் சாவி யாரிடம் இருக்கும் என்பதை அறிக்கையில் எழுதவில்லை. விபத்தின்போது அவர் இங்கே இல்லவே இல்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார்.

அதட்டிப் பேசுகிறவர் என்பதற்காக அருணா ராஜீவைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தவனை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகிக்கவில்லை.

அப்போது பிக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே வந்தது. முழுதாக நிற்பதற்குள் மணிகண்டன் குதித்தான். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் தண்ணீர் கேன். கூரையையும் கட்டைகளையும் அவளையும் பார்த்துவிட்டு, ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தான். காதரைத் தோள் கொடுத்து இறக்கி நிழலில் உட்கார வைத்து, அவர் தலையில் தண்ணீரை ஊற்றினான். பிறகு அவரெதிரிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"ஓடிப்போயிரலாம்னுதான் போனேன் மேடம். ரவுண்டானா தாண்ட முடியலை. ஏற்கனவே ஒருத்தரை இந்தப் பெட்டிக்கு அடியில போட்டுட்டேன். உள்ள ரெண்டு பேரைப் பூட்டி வச்சிட்டு எங்க போக."

பிக்கப்பின் பின்பக்கத்தில், சாக்கெட்டுக்குள் முறிந்து சிக்கியிருந்த பிளக்கை அவனே காட்டினான். அன்று கஸ்டமர் காத்திருந்ததால் அவசரம். ஒயரையும் சங்கிலிகளையும் கழற்ற வேண்டியது அவன் பொறுப்பு. எல்லாம் ஆச்சு என்று அழகுமலையிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ஒயர் மாட்டியிருப்பதைப் பார்த்து அதைப் பிடுங்கத்தான் ரஹ்மான் குறுக்கே ஓடினார். வண்டி இருந்ததைச் சொல்லாதே, எனக்கு லைசன்ஸ் இல்லை என்று அவன் கெஞ்சியதற்காக அழகுமலை வாயை மூடிக்கொண்டான்.

"அப்புறம் ஏன் எனக்கு போன் பண்ணினே?" என்றாள் அருணா.

"ஜாக்கிக் கால் சரியில்லைன்னு நீங்க எழுதிருவீங்கன்னு நெனச்சேன். அண்ணனும் வெளிய வந்திரும், என் பேரும் வராது. நீங்க ஒயரைப் பத்திப் பேசுறது கேட்டுச்சு. கை தானாப் பூட்டிருச்சு."

காதர் ஈரத் தலையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் அருணா நினைத்தாள். அவர் எழுந்து, அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, காரின் முன்கதவைத் திறந்து வைத்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் அழகுமலையைக் கூட்டி வந்தபோது, மணிகண்டன் அரபி அதிகாரியின் முன்னால் ஹிந்தியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். பிளக் மேஜை மேல் கிடந்தது. ரஹ்மான் கண் திறந்துவிட்டார் என்று அருணா அழகுமலையிடம் சொன்னாள். அவன் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டான். ஆனால் அவன் பார்வை பிளக்கை விட்டு நகரவில்லை. அது என்ன என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒயரு மாட்டித்தான் இருந்துச்சா?"

மணிகண்டன் தலையைக் குனிந்தான். "சங்கிலியும் ஒண்ணு கழட்டலைண்ணே."

அழகுமலை கோபப்படவில்லை. வாரம் முழுக்கத் தூங்காத கண்களால் அவனையே பார்த்தான்.

"அப்ப நான் தப்பா எதுவும் அமுக்கலையாடா?"

"இல்லண்ணே. நீ சரியாத்தான் அமுக்குன."

அழகுமலை சுவரைப் பிடித்தபடி கீழே சரிந்து உட்கார்ந்து, பட்டனை அமுக்கிய அந்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.